வீதிப் பலகையில் வக்கீல்கள்

சென்னை உயர்நீதிமன்றத்துக்கு எதிரே, எஸ்பிளனேடிலிருந்து பிரிந்து வடக்கு நோக்கிச் செல்லும் அகன்ற சாலைக்கு மூன்று பெயர்கள் உண்டு. மாநகராட்சி நட்டுவைத்திருக்கும் பலகையில் அது பிரகாசம் சாலை. பழைய கிரயப் பத்திரங்களில் பாப்ஹாம்ஸ் பிராட்வே. பஸ் கண்டக்டரின் குரலிலும், ஜார்ஜ் டவுனுக்குக் காரியமாக வருகிற ஜனங்களின் பேச்சிலும் வெறும் பிராட்வே. இவற்றுள் முதலிரண்டு பெயர்களுக்கும் உரியவர்கள் ஏறக்குறைய நூற்று முப்பது ஆண்டு இடைவெளியில் இந்நகரில் தொழில் நடத்திய இரண்டு வக்கீல்கள் என்பதையும், ஒரு வக்கீலின் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு வக்கீலின் பெயரை அங்கே வைத்தோம் என்பதையும் அந்த வழியே தினமும் கறுப்புக் கோட்டு அணிந்து போகும் வக்கீல்களிலேயே எத்தனை பேர் அறிவார்களோ தெரியாது. நகரத்துத் தெருப்பெயர்களைச் சரித்திர ஆதாரமாகக் கொண்டு ஆராயப் புகுந்தபோது, நியாயஸ்தலத்தைச் சேர்ந்தவர்களின் பெயர்கள் சென்னையில் இவ்வளவு அடர்த்தியாக இருப்பதற்குக் காரணம் என்ன என்ற கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது இந்தச் சாலையில்தான்.

ஸ்டீபன் பாப்ஹாம் அயர்லாந்துப் பார்லிமெண்டில் அங்கத்தினராக இருந்தவர். 1778-ல் இந்தியாவுக்கு வந்து, சென்னையிலேயே தங்கிச் சட்டத் தொழிலை மேற்கொண்டார். அக்காலத்துக் கறுப்பர் பட்டணம், மேற்கே பெத்துநாயக்கன்பேட்டை என்றும் கிழக்கே முத்தியாலுப்பேட்டை என்றும் இரண்டு பகுதிகளாகப் பிரிந்து கிடந்தது. நடுவே மழைநீரும் சாக்கடையும் தேங்கிய தாழ்ந்த பள்ளம் ஒன்று ஓடியது. ஒருவருக்கும் உபயோகமில்லாத அந்த நிலத்தை வாங்கி, தூர்த்து, வடிகால் அமைத்து, வீடு கட்டத் தகுதியான மனையாகவும் அகன்ற பாதையாகவும் அவர் மாற்றியதன் விளைவே பிராட்வே. அதைத் தர்ம காரியம் என்று சொல்லமுடியாது. நிலத்தின் மதிப்பை முன்கூட்டி அறிந்த ஒருவர் செய்த லாபகரமான முயற்சி அது. ஆயினும் பாப்ஹாமை நிலவியாபாரி என்று மட்டும் ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. 1782-ல் அவர் சென்னை நகரத்தின் காவலுக்கும் ஒழுங்குக்கும் ஒரு திட்டம் எழுதி அரசாங்கத்திடம் கொடுத்தார். தெருதோறும் நேர்வடிகாலும் குறுக்குவடிகாலும் வெட்டவேண்டும், ஜனன மரணங்களைப் பதிவுசெய்ய வேண்டும், சாராயக் கடைக்கும் கள்ளுக்கடைக்கும் லைசென்ஸ் வேண்டும் என்பவற்றோடு, தெருக்களுக்கு விளக்குப் போடவேண்டும், தெருக்களுக்குப் பெயர் சூட்டவேண்டும் என்ற யோசனைகளும் அதில் அடங்கியிருந்தன. வீட்டுக்கு விலாசம் இருந்தால்தான் சம்மன் சார்வு செய்யமுடியும், எல்லைக்குப் பெயர் இருந்தால்தான் பத்திரம் எழுதமுடியும் என்பது வக்கீலுக்கல்லவா முதலில் தோன்றும்! தெருவுக்குப் பெயர் வேண்டுமென்று அத்தனை ஆண்டுகளுக்கு முன் எழுத்தில் கேட்ட அந்த மனிதரின் பெயரே பின்னால் தெருவிலிருந்து நழுவிப்போயிற்று.

நழுவியது இருமுறை. ஜனங்கள் முதலில் அவர் பெயரை விட்டுவிட்டு அகலத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்; சுதந்திரத்துக்குப்பின் அதிகாரபூர்வமான பெயரும் மாறியது. அப்படி மாற்றியபோது தேர்ந்தெடுத்த பெயர் தங்குதூரி பிரகாசத்தினுடையது. 1872-ல் ஓங்கோல் பக்கத்துக் கிராமமொன்றில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, ராஜமகேந்திரவரத்தில் இரண்டாந்தர வக்கீலாகத் தொழில் தொடங்கி, அங்கே நகரசபைத் தலைவராகவும் விளங்கி, பின்பு சீமைக்குச் சென்று பாரிஸ்டராகத் திரும்பிச் சென்னை ஹைகோர்ட்டில் பெரும்பொருள் ஈட்டியவர் அவர். 1911-ல் கலெக்டர் ஆஷின் கொலையையொட்டி நடந்த திருநெல்வேலி சதி வழக்கில் எதிரிகள் தரப்பில் ஆஜரான வக்கீல்களுள் அவரும் ஒருவர். ஒத்துழையாமை இயக்கம் எழுந்ததும் அந்தப் பெரும் வருமானத்தை உதறிவிட்டு 'ஸ்வராஜ்யா' பத்திரிகையைத் தொடங்கி, சேர்த்த சொத்தையெல்லாம் அதிலே கரைத்தார். 1928 பிப்ரவரி 3-ம் தேதி சைமன் கமிஷன் பம்பாயில் வந்திறங்கியபோது சென்னையில் ஹர்த்தால் நடந்து, ஹைகோர்ட்டை அடுத்த வீதிகளில் துப்பாக்கிப் பிரயோகமும் உயிர்ச்சேதமும் நேர்ந்தன. சுடப்பட்டு விழுந்தவனைப் பார்க்கச் சென்ற பிரகாசத்தை ஸிப்பாய்கள் வழிமறித்துத் துப்பாக்கியை நீட்ட, அவர் சட்டையைத் திறந்து மார்பைக் காட்டி நின்றார். ஆந்திர கேசரி என்று அவரைப் போற்றுகிறவர்கள் முதலில் எடுத்துச் சொல்லும் காட்சி அதுதான். 1946-ல் சென்னை ராஜதானியின் பிரதம மந்திரியாகவும், 1953-ல் ஆந்திர ராஜ்யத்தின் முதல் முதலமைச்சராகவும் இருந்தவர் அவர். அவர் மார்பைக் காட்டி நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சாலைக்கு அவர் பெயரை வைத்தது பொருத்தமான காரியம். தெலுங்கு ராஜ்யம் பிரிந்துபோன பின்னும் அந்தப் பெயர் தமிழ்நாட்டின் தலைநகரத்தில் நிலைத்திருப்பது அதைவிடப் பொருத்தம்.

ஆகவே அந்த ஒரு சாலைக்குள்ளேயே வக்கீல் என்ற மனிதனைப் பற்றி இந்நகரம் கொண்டிருந்த இரண்டு எண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. பழைய பெயர் நிலத்திலிருந்து வந்தது: யார் சொந்தக்காரரோ அவர் பெயர் தெருவுக்கு ஒட்டிக்கொண்டது. புதிய பெயர் கௌரவமாக வந்தது: யார் தம்முடையதைத் துறந்தாரோ அவர் பெயரை நாம் கொண்டுபோய் ஒட்டினோம். இந்த வேறுபாட்டைக் கைவிளக்காகக் கொண்டு சென்னையின் மற்ற வீதிகளில் நடந்தால் பல விஷயங்கள் துலங்குகின்றன.

சென்னையின் நியாயஸ்தலப் பரம்பரை நீண்டது. 1726-ன் சாசனப்படி அமைந்த மேயர் கோர்ட்டு, 1798-ல் ரிக்கார்டர் கோர்ட்டு, 1801-ல் சுப்ரீம் கோர்ட்டு, 1862-ல் ஹைகோர்ட்டு என்று அது வளர்ந்து, 1892-ல் இன்றுள்ள செந்நிற மாளிகையில் குடிபுகுந்தது. அந்தச் சுப்ரீம் கோர்ட்டின் முதல் நீதிபதிகள் மூவர்: தலைமை நீதிபதி ஸர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச், ஸர் ஹென்றி க்வில்லிம், ஸர் பெஞ்சமின் சல்லிவன். இவர்களுள் கம்பெனியின் சட்ட உத்தியோகஸ்தராகவும் முன்பு இருந்த சல்லிவனுக்கு மயிலாப்பூரில் ஒரு தோட்ட வீடு இருந்தது. அவர் காலத்துக்குப்பின் அது கைமாறி, கிறிஸ்தவ வேதசாஸ்திரப் பாடசாலையாகக்கூடப் பயன்பட்டது; ஆனால் சல்லிவன் தோட்டம் என்ற பெயர் மட்டும் அப்பகுதியை விட்டுப் போகவில்லை. அதை ஒட்டியெழுந்த வீதியும் சல்லிவன் தோட்டத் தெருவாயிற்று. இன்று அந்த வீதியின் பெயர் பி. எஸ். சிவசாமி சாலை. இங்கும் பழைய பெயருக்கு உரியவர் ஒரு சட்டநிபுணர். புதிய பெயருக்கு உரியவரும் ஒரு சட்டநிபுணர். பிராட்வேயில் நிகழ்ந்ததே மயிலாப்பூரிலும் நிகழ்ந்தது.

மயிலாப்பூர் வக்கீல்களின் ஊராக மாறிய கதையைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஹைகோர்ட்டு இருப்பதோ பட்டணத்தின் வடகோடியில். கபாலீசுவரர் கோயிலோ அங்கிருந்து நாலைந்து மைல் தெற்கே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜமீன் வாரிசு வழக்குகளும், சுவீகார வழக்குகளும், அவிபக்த குடும்பத்துப் பாகப்பிரிவினை வழக்குகளும் ஜில்லாக்களிலிருந்து அப்பீலாகச் சென்னைக்குப் பெருகி வந்தன. தாய்மொழியில் கட்சிக்காரனோடு பேசி, ஹிந்து தர்மசாஸ்திரத்தை மூலத்திலே படித்து, அதையே இங்கிலீஷில் நீதிபதிக்கு எடுத்துரைக்கக்கூடியவர்களுக்கு அப்போது கிடைத்த மதிப்பு அளவிறந்தது. தஞ்சாவூர், திருநெல்வேலி, செங்கற்பட்டு, நெல்லூர் ஜில்லாக்களிலிருந்து வந்த பி.எல். பட்டதாரிகள், குளமும் கோயிலும் அக்கிரகாரமும் இருந்த மயிலாப்பூரையே வாசத்துக்குத் தேர்ந்தார்கள். தொழிலில் தலையெடுத்தவர்கள், வெள்ளைக்காரர் விட்டுப்போன பெரிய தோட்ட வீடுகளை லஸ் சர்ச் ரோடிலும் எட்வர்டு எலியட்ஸ் ரோடிலும் வாங்கிக் குடியேறினார்கள். 1895-ல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபின் ஜூனியர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் தூரம் சுருங்கியது. வாராவாரம் கூடித் தீர்ப்புகளை விவாதித்துவந்த மயிலாப்பூர் வக்கீல்களின் சனிக்கிழமைச் சங்கத்திலிருந்துதான் 1891-ல் 'மெட்ராஸ் லா ஜர்னல்' பிறந்தது. இங்கே ஒரு சிறு செய்தியையும் சொல்லிவிடுகிறேன்: மயிலாப்பூர்க் கச்சேரி ரோடு என்ற பெயரைக் கேட்டதும் இக்காலத்தார் சங்கீதத்தை நினைக்கிறார்கள். கச்சேரி என்பது அந்நாளில் சர்க்கார் அலுவலகத்துக்கும் நியாயஸ்தலத்துக்கும் பெயர். அந்த ரோடு பெயர் பெற்றது பாட்டினால் அன்று, வழக்கினால்.

லஸ் சர்ச் ரோடில் வாழ்ந்த வக்கீல்களின் பெயர்களை அடுக்கினால் ராஜதானியின் அரசியல் சரித்திரத்தில் பாதியைச் சொன்னதாகும். சென்னையின் முதல் இந்திய அட்வகேட் ஜெனரலாகத் தற்காலிகமாகப் பணிபுரிந்து, பின்னர் நீதிபதியுமான ஸர் வி. பாஷ்யம் ஐயங்கார்; அவருடைய மாப்பிள்ளையும், 1920-ல் அட்வகேட் ஜெனரல் பதவியைத் துறந்து 1926-ல் கௌஹாத்தி காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவருமான எஸ். சீனிவாச ஐயங்கார்; பதினைந்து ஆண்டுகள் அட்வகேட் ஜெனரலாக இருந்து, அரசியல் நிர்ணய சபையின் வரைவுக் குழுவில் வீற்றிருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். இவர்கள் வாழ்ந்த சாலை இன்றும் ஒரு மாதா கோயிலின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அது அவ்வாறே இருக்கட்டும். அந்தக் கோயில் இவர்கள் எல்லாரையும்விட முந்தியது. தெருப்பலகையைக் கொண்டு மட்டும் ஒருவரின் பெருமையை அளக்கலாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி ஸர் டி. முத்துசாமி ஐயர் அங்கே சலவைக்கல் உருவாக வீற்றிருக்கிறார். அவருடைய நியமனத்தை ஆங்கிலேயப் பத்திரிகைகள் தூஷித்ததைப் பொறாத ஆறு இளைஞர்கள், அவர்களில் நால்வர் சட்ட மாணவர்கள், 1878-ல் தொடங்கியதே 'ஹிந்து' பத்திரிகை. வி. கிருஷ்ணசாமி ஐயரோ 1906-ல் அர்பத்நாட் கம்பெனி முறிந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்தபோது அவர்களுக்காகப் போராடி, மறு ஆண்டே இந்தியன் வங்கி உருவாக முன்னின்றார். மயிலாப்பூர் சம்ஸ்கிருதக் கல்லூரியை நிறுவினார். மிதவாதியாக இருந்தும் தீவிரவாதியான பாரதியாரின் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். இவையெல்லாம் தெருப்பெயரினும் நீடித்த ஞாபகார்த்தங்கள்.

சிவசாமி ஐயரிடம் திரும்புவோம். 1864-ல் தஞ்சை ஜில்லாவில் பிறந்த அவர், சட்டக் கல்லூரியில் போதித்தார்; 'மெட்ராஸ் லா ஜர்ன'லின் ஆசிரியர்களுள் ஒருவராக இருந்தார்; 1907-ல் அட்வகேட் ஜெனரலானார்; பின்னர் கவர்னரின் நிர்வாக சபையிலும், சென்னை சர்வகலாசாலையின் துணைவேந்தர் ஆசனத்திலும் அமர்ந்தார். பார்த்த மாத்திரத்தில் இது உத்தியோகப் படிக்கட்டில் ஏறிய ஒரு பெரியமனிதரின் வரலாறாகவே தோன்றும். ஆனால் அவர் மனத்தைப் பற்றியிருந்த விஷயம் ஒன்று உண்டு: இந்தியாவின் ராணுவத்துக்கு இந்தியர்களே அதிகாரிகளாக வேண்டும் என்பது. 1921-ல் ஈஷர் கமிட்டி அறிக்கையின்மீது மத்திய சட்டசபையில் தீர்மானங்களை வரிசையாகக் கொண்டுவந்து, மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் சேனாதிபதிகளோடு சேனை விஷயத்தில் சரிக்குச் சரியாக வாதாடியது சாமானியமான காட்சி அன்று. தம் செல்வத்தில் பெரும்பகுதியை அவர் இரண்டு பள்ளிகளுக்கு அளித்தார். ஒன்று திருக்காட்டுப்பள்ளியில், மற்றொன்று அவர் மனைவியின் பெயரால் மயிலாப்பூரில் நடக்கும் பெண்கள் பள்ளி. சல்லிவனுக்குத் தோட்டம் சொந்தமாக இருந்ததனால் தெருவுக்குப் பெயர் வந்தது. சிவசாமி ஐயர் தமக்குச் சொந்தமானதைக் கொடுத்ததனால் பெயர் வந்தது.

கொடுத்ததனால் பெயர் பெற்ற வீதிகளுள் மிகத் தெளிவானது எழும்பூரின் எத்திராஜ் சாலை. முன்னாளில் அது கமாண்டர்-இன்-சீப் ரோடு. வேலூரில் 1890-ல் பிறந்த பாரிஸ்டர் வி. எல். எத்திராஜ், கிரிமினல் வழக்குகளில் அந்நாளில் ஒப்பாரில்லாதவர். லட்சுமிகாந்தன் கொலைவழக்கு பிரிவி கவுன்ஸில் வரை சென்று திரும்பி, 1947-ல் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் விடுதலையான மறு விசாரணையில் வாதாடியவர். அவர் 10 லட்சம் ரூபாயைக் கொடுத்து 1948-ல் பெண்களுக்கென்று ஒரு கல்லூரியை நிறுவினார். அந்தக் காலத்து 10 லட்சத்தின் எடையை இக்காலத்து எண்ணத்தால் உணரமுடியாது. படைத்தலைவர் பெயர் இருந்த சாலையில் இன்று ஆயிரக்கணக்கான பெண்கள் புத்தகத்தோடு நடக்கிறார்கள். பெயர்மாற்றம் என்றால் இதுவல்லவா பெயர்மாற்றம்!

எல்லாப் பெயரும் இத்தனை நிர்விவாதமானதல்ல. ஆழ்வார்பேட்டைக்கு அடுத்த சி. பி. ராமசாமி சாலையின் பெயருக்குரியவர், இளம் வயதிலேயே அன்னி பெசண்டுக்கு எதிராக ஜே. கிருஷ்ணமூர்த்தியின் தந்தை நாராயணையாவின் தரப்பில் ஆஜராகிக் கீர்த்தி பெற்றவர். சில ஆண்டுகளுக்குள் அதே பெசண்டு அம்மையாரின் ஹோம்ரூல் இயக்கத்தில் வலக்கரமாக விளங்கியவர். வழக்கு வேறு, மனிதர் வேறு என்று இருவரும் கொண்ட பெருந்தன்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அவரே திருவிதாங்கூர் திவானாக இருந்தபோது 1936-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்ததும் உண்மை. 1946-ல் ஆலப்புழைப் பக்கத்துப் புன்னப்புர வயலாரில் தொழிலாளர்மீது துப்பாக்கிக் குண்டு பாய்ந்ததும் உண்மை. சென்னையில் வாதத்திறமையை நினைவூட்டும் பெயர் ஆலப்புழைக்காரர் செவியில் வேறு விதமாக ஒலிக்கும்.

பிறவற்றை விரைந்து சொல்லலாம். கதீட்ரல் ரோடிலிருந்து பிரியும் கஸ்தூரிரங்கா ரோடு, கோயம்புத்தூரில் வக்கீல் தொழில் செய்து, 'ஹிந்து'வின் சட்ட ஆலோசகராகி, 1905-ல் அதையே விலைக்கு வாங்கிய எஸ். கஸ்தூரிரங்க ஐயங்காருடையது. நீதிக்கட்சியார் காலத்தில் உருவான தியாகராய நகரில், அக்கட்சியைச் சேர்ந்த வக்கீல் ஓ. தணிகாசலம் செட்டியார் பெயரால் ஒரு சாலை அமைந்தது. பிராமணர் அல்லாதாரின் அரசியலும் தன் வக்கீல்களைப் பலகையில் எழுதிக்கொண்டது என்பதை அது காட்டும். கே. கே. நகரில் உள்ள ராஜமன்னார் சாலை, 1948-ல் சென்னையின் முதல் இந்தியத் தலைமை நீதிபதியான பி. வி. ராஜமன்னாரைக் குறிப்பது. ஆழ்வார்பேட்டையில் பாஷ்யம் பஷீர் அகமது தெரு என்று ஒன்று இருக்கிறது: சுதந்திரப் போராட்டத்தில் அடிபட்டுப் பின்னர் சட்டமந்திரியான கே. பாஷ்யமும், நீதிபதியாகவும் பெண்கல்விக்கு வள்ளலாகவும் திகழ்ந்த பஷீர் அகமது சயீதும் ஒரே பலகையில் கைகோத்து நிற்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு கணம் நின்று அந்தப் பலகையைப் படித்துவிட்டுப் போவது என் வழக்கம்.

1970-களின் பிற்பகுதியில் தெருப்பெயர்களிலிருந்து ஜாதிப் பட்டங்களை நீக்கும்படி அரசு ஆணையிட்டது. கொள்கையளவில் அதைக் குறைகூற இடமில்லை. பொதுவீதியில் ஜாதிக்கு என்ன வேலை? ஆனால் ஐயரும் செட்டியாரும் போனபின் எஞ்சிய சிவசாமி, தணிகாசலம், ராமசாமி என்னும் பெயர்கள் எந்தச் சிவசாமி, எந்த ராமசாமி என்று சொல்லும் சக்தியை இழந்து நிற்கின்றன. நீக்கிய பட்டத்தின் இடத்தில், பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் செய்த தொழிலும் ஒரு வரியாகப் பொறிக்கப்பட்டிருந்தால் ஆணையின் நோக்கமும் நிறைவேறியிருக்கும், சரித்திரமும் பிழைத்திருக்கும். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை.

இறுதியாக, எந்த ஆணையும் நீக்கமுடியாத அளவுக்குத் தமிழ்நாட்டு ஊர்கள்தோறும் வீதிகளில் பதிந்துவிட்ட ஒரு வக்கீலின் பெயரைச் சொல்லவேண்டும். ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் வக்கீலாக இருந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை அட்வகேட் ஜெனரல் ஆனவரல்லர். மயிலாப்பூரில் தோட்ட வீடு வாங்கியவரல்லர். 1908-ல் ராஜத்துரோகக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதும் வக்கீல் தொழில் நடத்தும் உரிமையான அவருடைய சன்னதும் பறிபோயிற்று. 1912-ன் முடிவில் விடுதலையாகி வந்து, இதே சென்னையில் சிந்தாதிரிப்பேட்டையிலும் பெரம்பூரிலும் சிறு வியாபாரங்கள் செய்து வறுமையில் உழன்ற ஆண்டுகளில், வாதாடத் தெரிந்த அந்த நாவுக்கு எந்தக் கோர்ட்டிலும் இடமிருக்கவில்லை. பின்னர் நீதிபதி வாலஸ் என்னும் ஆங்கிலேயரின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. கோவில்பட்டியில் மறுபடியும் வக்கீலாக அமர்ந்த வ. உ. சி., அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார்.